பஞ்சாயத்து ஆபீசையும் விடாத கொள்ளைக்காரக் கம்ப்யூட்டர் புழு! வில்லியனூர், பாகூருக்கு ஒரு பாடம்

வில்லியனூர்:

2017-ம் ஆண்டு மே மாதம் 15-ந்தேதி, திங்கட்கிழமை காலை. கேரள மாநிலம் வயநாடு மாவட்டம் தரியோடு கிராம பஞ்சாயத்து ஆபீசை வழக்கம்போல் திறந்தார்கள். கம்ப்யூட்டரைப் போட்டார்கள். 4 கம்ப்யூட்டர்களில் பைல்கள் திறக்கவில்லை.

திரையில் ஒரு மிரட்டல் நின்றது. 300 டாலர் கட்டு. 3 நாளில் கட்டாவிட்டால் 600 டாலர். 7 நாள் தாண்டினால் பைல்கள் போனது போனதுதான் என்பது அதன் சாரம்.

300 டாலர் என்றால் அன்றைய மதிப்பில் சுமார் 19 ஆயிரம் ரூபாய். அதையும் ரொக்கமாகக் கட்ட முடியாது. "பிட்காயின்" என்ற கண்ணுக்குத் தெரியாத காசாகத்தான் கட்ட வேண்டும்!

பத்தனம்திட்டா மாவட்டம் அருவாப்புலம் பஞ்சாயத்து ஆபீசிலும் இதே கதை. அடுத்து பாலக்காடு கோட்ட ரெயில்வே ஆபீசிலும் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம்ம மாகிக்குப் போகிற ரெயில் பாதை இந்தக் கோட்டத்தைச் சேர்ந்ததுதான்.

நம்ம ஏனாமைச் சுற்றியுள்ள ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டிக்கொண்டன. திருடனைப் பிடிக்கிறவர்கள் வீட்டிலேயே திருட்டு! சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும் தப்பவில்லை.

இத்தனையையும் செய்தது ஒரே புழு. அதன் பெயர் "வானாக்ரை". "அழணும் போல இருக்கா?" என்று கேட்கிற மாதிரி வைத்த பெயர்.

150 நாடுகளில் கைவரிசை

மே 12-ந்தேதி வெள்ளிக்கிழமை இந்தப் புழு கிளம்பியது. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பிடித்தது.

இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் திணறிப்போயின. அவசர நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. ஆபரேஷன், டாக்டரைப் பார்க்கும் நேரம் என ரத்தானவை சுமார் 19 ஆயிரம் இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

வைரஸ் வேறு, புழு வேறு

சாதாரண வைரஸ் வர ஒரு கை வேண்டும். யாராவது தெரியாத மெயிலைத் திறக்க வேண்டும், அல்லது கண்ட பென் டிரைவைச் செருக வேண்டும். புழுவுக்கு அதெல்லாம் வேண்டாம். தானாகவே ஊரும்.

பாகூர் விவசாயிகளுக்குப் புகையானைத் தெரியும். வயலில் ஒரு மூலையில் விழும். கவனிக்காமல் விட்டால் வட்டம் வட்டமாகப் பரவி, பக்கத்து வயலுக்கும் தாவிவிடும். இதுவும் அப்படித்தான்.

ஒரு ஆபீசில் ஒருவர் கம்ப்யூட்டரில் உள்ள பைலை இன்னொருவர் பார்க்கவும், ஒரே பிரிண்டரைப் பலர் பயன்படுத்தவும் விண்டோசில் ஒரு வசதி உண்டு. அதன் பழைய பதிப்பில் ஒரு ஓட்டை இருந்தது. 445 என்று எண் போட்ட வாசல் அது. புழு அந்த வாசலில் நுழையும். பைல்களுக்குப் பூட்டுப் போடும். உடனே அடுத்த கம்ப்யூட்டரின் வாசலைத் தட்டும்.

ஓட்டை முன்பே தெரியும்!

இந்த ஓட்டை அமெரிக்க உளவு அமைப்பான தேசிய பாதுகாப்பு முகமைக்கு முன்பே தெரியும். வெளியே சொல்லாமல், உளவு வேலைக்குக் கள்ளச்சாவியாக வைத்திருந்தது. அந்தச் சாவியைத் திருடிய ஒரு கும்பல், 2017 ஏப்ரல் 14-ந்தேதி அதை ஊரறியப் போட்டு உடைத்தது.

ஆனால் வயிற்றெரிச்சல் அதுவல்ல. மார்ச் 14-ந்தேதியே மைக்ரோசாப்ட் கம்பெனி ஓட்டையை அடைக்கும் "அப்டேட்" கொடுத்துவிட்டது. காசில்லை. போட்டுக்கொள்ள 59 நாள் அவகாசம் இருந்தது. போட்டவர்கள் பிழைத்தார்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றவர்கள் மாட்டினார்கள்.

2014-லேயே கம்பெனி கைவிட்ட பழைய எக்ஸ்.பி.க்கு, புழு கிளம்பிய பிறகுதான் அவசரமாக மருந்து கொடுத்தார்கள்.

தடுத்தவர் 22 வயது வாலிபர்

புழுவை மடக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ். அப்போது வயது 22. அர்த்தமே இல்லாத நீளமான ஒரு இணைய முகவரியைப் புழு தேடிப் பார்ப்பதைக் கண்டுபிடித்தார். அந்த முகவரி யார் பேரிலும் இல்லை. சுமார் 10 டாலர் கொடுத்துத் தன் பேரில் பதிவு செய்தார். முகவரி உயிர் பெற்றதும் புழு தன் வேலையை நிறுத்திக்கொண்டது!

ஆனால் ஏற்கனவே விழுந்த பூட்டு விழுந்ததுதான். பணம் கட்டியும் பலனில்லை. கட்டியது யார் என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாடே அந்தப் புழுவில் ஒழுங்காக இல்லை.

வடகொரியாதான் காரணம் என்று 2017 டிசம்பரில் அமெரிக்கா பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. வடகொரியா மறுத்தது.

நம்ம ஊருக்கு என்ன?

லண்டனுக்கும் தரியோடுக்கும் புழு வித்தியாசம் பார்க்கவில்லை. வில்லியனூருக்கும் பாகூருக்கும் மட்டும் பார்க்குமா?

இங்கேயும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ், தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ் எல்லாம் இருக்கின்றன. பிறப்பு, இறப்புச் சான்றிதழ், வீட்டு வரி, பத்திரம் என்று ஒரு குடும்பத்தின் ஜாதகமே அங்கேதான். பைல் பூட்டிக்கொண்டால் அலைவது கியூவில் நிற்கிற ஜனங்கள்தான். கடைக்காரருக்கோ பாக்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் ஒன்றாகப் போய்விடும்.

செய்ய வேண்டியது

* அப்டேட் கேட்டால் "அப்புறம்" என்று தள்ளாதீர்கள். சாயங்காலம் கடை கட்டும்போதாவது ஓட விடுங்கள்.

* விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு கம்பெனி ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சிறிது காலம் நீட்டிப்பு உண்டு.

* முக்கியமான பைல்களை வாரம் ஒரு முறை தனி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுங்கள். ஏற்றியதும் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்தால் புழு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

* மிரட்டல் வந்தால் முதல் வேலை, நெட் ஒயரைப் பிடுங்குவது. வைபை இருந்தால் நிறுத்துவது. பணம் கட்டாதீர்கள். சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

ராத்திரி கடையைப் பூட்டியபின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கம்ப்யூட்டருக்கும் அந்த ஒரு இழுப்பு வேண்டும்.