கைப்பழக்கம் – 14: கதவுக்குக் கட்டிய சேலை

சேலம் – நாமக்கல் சாலையில் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு முகமில்லாத லாரிகளைத் தெரியும். சக்கரம், எஞ்சின், நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், ஒரு ஸ்டீயரிங். கதவு கிடையாது, கூரை கிடையாது. ஓட்டுகிறவர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து வருவார். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸாகக் கிளம்பிய வண்டி அது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளுக்கு வந்த பிறகுதான் அதற்கு உடம்பு வரும். வெல்டர், டிங்கர், பெயின்டர் எல்லோரும் முடித்தபின் கடைசியாக ஏறுகிறவர் குஷன்காரர். கூரைக்கு ரெக்ஸின், கண்ணாடியோரம் குஞ்சம், பின்னால் டிரைவர் படுக்க பெர்த். அவர் இறங்கும்போது இரும்புக்கூடு வீடாகியிருக்கும்.

போன வாரம் அம்மி கொத்தினோம். இந்த வாரம் அந்தக் குஷன்காரரின் வேலையில் ஒரு கைப்பிடி அளவை வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்கலாம்.

என் பழைய காரின் கதவுகளில் உட்புறம் ஒரு சாம்பல் நிறத் துணி இருந்தது. முழங்கை பட்டுப் பட்டு அது நைந்து, ஒரு மூலையில் உரிந்து தொங்கியது. அந்த மொத்தப் பலகைக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் டோர் பேடு. அதன் நடுவே ஒரு முழ நீளத்துக்குத் தனியாகக் கழன்று வரும் பட்டைதான் துணி ஒட்டும் இடம். அம்மாவின் பெட்டியில் இளம்பிள்ளைச் சேலை ஒன்று கிடந்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை, நடுவில் ஒரு கிழிசல். அதைக் கேட்டேன்.

“ஏன் அம்மிணி, கட்டுற சேலைய யாராச்சும் கார்ல ஒட்டுவாங்களா?”

ஒட்டியிருக்கிறார்கள். 1976இல் ஜெர்மனியில் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் இருக்கைக்குக் கட்டம் போட்ட துணியைத் தேர்ந்தெடுத்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட். பீங்கானில் ஓவியம் தீட்டிக்கொண்டும் மிட்டாய்ப் பெட்டிகளுக்கு வடிவம் வரைந்துகொண்டும் இருந்துவிட்டு, 1964இல் அந்த நிறுவனத்தின் துணி, வண்ணப் பிரிவுக்கு வந்தவர். கறுப்பு, சிவப்பு, வெள்ளைக் கோடுகள் ஓடும் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்குக் குமாரபாளையத்து லுங்கிதான் நினைவுக்கு வரும். இன்றும் அந்தக் காரின் அடையாளம் அந்தக் கட்டம்தான்.

இதைச் சொன்னதும் அம்மா சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் என்னை நம்பவில்லை. “குஷன் கடைல ஒரு வார்த்த கேட்டுக்க.”

கேட்டேன். நாமக்கல்லில் முப்பது வருடமாக லாரிக்குத் தைக்கிற அண்ணன் அவர். சேலையைக் கையில் வாங்கியதும் பிரித்துப் பார்க்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார்.

“துணி சன்னமா இருக்குங்க்கா. பசை இந்தப் பக்கம் ஊறி வந்துரும். டெய்லர்கிட்ட ஒட்டுக் கேன்வாஸ் வாங்கிப் பின்னாடி வெச்சு அயர்ன் பண்ணிருங்க. அதுக்கு முன்னாடி நனைச்சுக் காயப் போட்டு எடுங்க. சாயம் போற துணின்னா அத இப்பவே தெரிஞ்சுக்கணும். இல்லீன்னா வெள்ளச் சட்டை போட்டவர் இறங்கறப்பத் தெரியும்.”

சட்டைக் காலருக்குள் வைக்கும் அதே கேன்வாஸ்தான். பசையைத் தடுக்கும், துணிக்கு முதுகெலும்பும் தரும். பவானி ஜமக்காளத்தை ஒட்டினால் என்ன என்று கேட்டேன். 2005–06லேயே புவிசார் குறியீடு வாங்கிய துணி, ஆற்றைத் தாண்டினால் கிடைக்கிறது. அண்ணன் சிரித்தார். பட்டைக்கும் அதன் பள்ளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். தடித்த துணியை மடித்து ஒட்டினால் பட்டை உள்ளே உட்காராது, கிளிப் உடையும். ஜமக்காளத்துக்கு லாரி பெர்த்துதான் சரி. காரில் மிதியடியாகவும் போடக்கூடாது; நழுவி பிரேக்குக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும்.

இனி வேலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள், பவர் விண்டோ வயர் உள்ளே ஓடுகிறது. பட்டையை நெம்ப வெறும் ஸ்குரூ டிரைவர் வேண்டாம், கீறிவிடும். நுனியில் துணி சுற்றுங்கள். கழன்ற திருகுகளும் கிளிப்புகளும் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் இருக்கட்டும்.

பழைய துணியை உரித்ததும் அடியில் பொடிப்பொடியாக ஸ்பாஞ்ச் உதிரும். துணி விட்டுப்போனதற்குக் காரணமே அதுதான். பசை துணியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், நடுவிலிருந்த ஸ்பாஞ்ச் வெயிலில் மக்கிவிட்டது. கார் கூரைத் துணி தொட்டிலாகத் தொங்குவதும் இப்படித்தான். அந்தத் தூளை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் மேலே ஒட்டினால் மணல் மேல் ஒட்டிய மாதிரி.

பிறகு சோப்புத் தூள் போட்டுக் கழுவுங்கள். டேஷ்போர்டு பளபளக்கப் பூசும் பாலிஷ் இருக்கிறதே, பசைக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் மேற்பரப்பு மங்கும்வரை தேயுங்கள். பட்டையின் பின்புறம் ‘ஏபிஎஸ்’ என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை, பசை பிடிக்கும். ‘பிபி’ என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன். தாமரை இலை மாதிரி எதையும் ஒட்டவிடாத ஜாதி; அதற்கென்று விற்கும் பிரைமரை முதலில் பூச வேண்டும்.

ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவிவிட்டு, சும்மா இருங்கள். இந்த வேலையில் கடினமான பகுதி இதுதான். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விரலால் தொட்டால் நூல் இழுக்கக்கூடாது. அப்போதுதான் சேர்க்க வேண்டும். சேர்ந்தால் பிரிக்க முடியாது. பசையின் வாடை தலை சுற்றவைக்கும், தீயும் பிடிக்கும். சமையலறைப் பக்கமோ ஊதுபத்திப் பக்கமோ வேண்டாம், திண்ணைதான் இடம்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். கரையைப் பட்டையின் விளிம்போடு சேர்த்து வைத்தேன். அண்ணன் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, “வண்டிக்குள்ள உக்காந்து பாருங்க்கா” என்றார். உட்கார்ந்தேன். பட்டை சாய்வாக ஏறுகிறது, அதோடு கரையும் ஏறி, கதவே கோணலாகத் தெரிந்தது. இரண்டாம் கதவுக்கு வண்டியின் தரைக்கோட்டைப் பார்த்துக் கரையை வைத்தேன்.

ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் துணி விட்டுப் பின்னால் மடிக்க வேண்டும். வெளியே வளையும் மூலையில் துணி மிஞ்சிச் சுருங்கும், அங்கே முக்கோணமாக வெட்டி எடுங்கள். உள்ளே வளையும் இடத்தில் துணி போதாமல் இழுக்கும், அங்கே ஒரு கீறல் போதும். வளைவு அதிகமென்றால் துணியைக் கிராஸாக வெட்டிக்கொள்ளுங்கள், ஜாக்கெட் தைக்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

எங்கே ஒட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 முதல் தயாராகும் கார்களில் முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். சில கார்களில் இருக்கையின் பக்கவாட்டிலும் கண்ணாடியோரத் தூணிலும்கூட உண்டு. ‘எஸ்ஆர்எஸ்’ என்ற எழுத்து உள்ள இடத்தின் பக்கமே போகாதீர்கள். கண்மூடித் திறப்பதற்குள் கிழிந்து வெளிவர வேண்டிய பை அது, அதன் மேல் துணி போர்த்துவது ஆபத்துக்கால வாசலைப் பூட்டுவது.

இன்னொன்று நெருப்பு. ரெக்ஸின் என்பது மான்செஸ்டர் பக்கம் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் பெயர். துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல் மாதிரி ஆக்கினார்கள். பஞ்சை வெடிமருந்தாக்கும் ரசாயனத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. இன்று நம் கடைகளில் ரெக்ஸின் என்று விற்பது பிவிசி பூசிய துணி; பெயர் மட்டும் தங்கிவிட்டது. வண்டிக்குள் இருக்கும் துணி நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவக்கூடாது என்கிறது ஐஎஸ் 15061. அம்மாவின் சேலை எந்தச் சோதனைக்கும் போனதில்லை. அதனால் கதவில் ஒரு முழப் பட்டையோடு நிறுத்திக்கொண்டேன். கூரை முழுக்க ஒட்டும் ஆசை எனக்கும் வந்தது.

மூன்றாவது வெயில். அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நிழலில் நின்றவற்றில் 48. சேலத்துச் சித்திரையும் அதற்குப் பெரிதாக இளைத்ததல்ல. டேஷ்போர்டை விட்டுவிடுங்கள், கதவுப் பட்டை போதும்.

அண்ணனிடம் காசு கொடுத்தபோது வாங்க மறுத்தார். பேச்சு லாரித் தொழிலுக்குத் திரும்பியது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். “இனிமே கேபின் உள்ளூடு எல்லாம் கம்பெனியிலயே வந்துருங்க்கா. எங்களுக்கு பெர்த்தும் திரையுந்தான்” என்றார். கிளம்பும்போது சேலையில் மீதியைச் சுட்டிக்காட்டி, “அத வெட்டிக் கரித்துணி ஆக்கிராதீங்க. வெயிலு கேக்கும்” என்றார்.

கேட்டது. இரண்டு கோடையில் கண்ணாடிப் பக்கத்து மாம்பழம் எலுமிச்சையாகிவிட்டது. அம்மா முன்னிருக்கையில் உட்காரும்போதெல்லாம் விரலால் அந்தக் கரையை ஒரு தரம் தடவிப் பார்ப்பார். போன மாதம் தடவிவிட்டுச் சொன்னார்: “முந்தி இன்னும் பெட்டிலதான் கண்ணு இருக்கு.”

(தொடரும்)

அடுத்த வாரம்: குடைக்குக் கம்பி மாற்றுவது