வோட்டுச் சீட்டில் ஒரு வெற்று வரி

விரிஞ்சிபுரத்துப் பாலாற்றங்கரையில் வசிக்கும் ஒரு வோட்டர், தமக்குத் தெரிந்த ஒரு யோக்கியரைப் பார்லிமெண்டுக்கு அனுப்ப விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த யோக்கியரோ நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. வோட்டர் என்ன செய்யக்கூடும்? நமது சட்டப்படி ஒன்றும் செய்வதற்கில்லை. யந்திரத்திலுள்ள அபேட்சகர்களில் ஒருவரைத் தெரிந்தெடுக்கலாம். அல்லது எவரும் வேண்டாமென்று ‘நோட்டா’வை அழுத்தலாம். ‘இன்னார் வேண்டும்’ என்று எழுத இடமில்லை.

அமெரிக்காவில் பெரும்பாலான ராஜ்யங்களில் அவ்விடம் உண்டு. 2010இல் அலாஸ்காவில் லிஸா முர்கோவ்ஸ்கி என்ற மாது, தம் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் தோற்றும், ஜனங்கள் தம் பெயரைக் கையால் எழுதியதைக்கொண்டே செனட் ஸ்தானத்தை வென்றார். பெயரைப் பிழையாக எழுதிய சீட்டுகள் செல்லுமா என்று வழக்கும் நடந்தது. வோட்டரின் கருத்து விளங்கினால் போதுமென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அங்கும் பல ராஜ்யங்களில் முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ளாதவருக்கு எழுதிய வோட்டு எண்ணப்படுவதில்லை.

உத்திரமேரூரில் ஓலையில் பெயர் எழுதவில்லையா என்று சிலர் கேட்பர். அது தகுதியுடையோர் பெயர்களைக் குடத்திலிட்டு எடுத்த முறை; வோட்டன்று.

1952இல் நம்மவரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆகவே அபேட்சகருக்கு ஒரு பெட்டியும், பெட்டிக்கு ஒரு சின்னமும் வைத்தனர். இன்று அந்நிலை மாறிவிட்டது. இனியேனும் அவ்வெற்று வரியைக் கொடுத்தாலென்ன என்று கேட்கும் நண்பர்கள் உளர். நாம் அதற்கு உடன்படோம். காரணம் வேலூரிலேயே இருக்கிறது. 2019 ஏப்ரலில், பணம் பெருவாரியாகக் கைப்பற்றப்பட்டதை யொட்டி, வேலூர்த் தொகுதியின் தேர்தல் ரத்துச் செய்யப்பட்டது. பணம் கொடுப்பவனுக்குள்ள ஒரே சங்கடம், வாங்கியவன் யாருக்குப் போட்டான் என்று தெரியாமையே. கையெழுத்து அச்சங்கடத்தைத் தீர்த்துவிடும். ‘இன்ன எழுத்தை இப்படிப் பிழையாக எழுது’ என்று சொல்லி அனுப்பினால், எண்ணுமிடத்திலுள்ள ஏஜெண்டுக்கு அதுவே ரசீதாகும்! வோட்டரை அடையாளங் காட்டும் எழுத்துள்ள சீட்டை நமது விதிகள் தள்ளுபடி செய்வது வீணன்று. 2013இல் சுப்ரீம் கோர்ட் நோட்டாவை ஏற்படுத்தச் சொன்னதும் இரகசியத்தைக் காக்கவே. அதுவரை எவருக்கும் வோட்டில்லை யென்பவர் அதிகாரியிடம் சொல்லிக் கையொப்பமிட வேண்டியிருந்தது.

அதே வேலூரில் 2019 ஆகஸ்டில் மறுபடி தேர்தல் நடந்தது. வெற்றி வித்தியாசம் 8,141. நோட்டாவுக்கு விழுந்தவை அதனினும் அதிகம். ஆயினும் அவ்வோட்டுகளால் விளைந்தது ஒன்றுமில்லை. முதலிடம் நோட்டாவுக்கே கிடைத்தாலும், அடுத்து நிற்பவரே ஜெயித்தவராவார். முதலில் திருத்த வேண்டியது இதுவே. நோட்டா முந்தினால் புதிய அபேட்சகர்களோடு மறு தேர்தல் வேண்டும்.

அடுத்தது வாசற்படி. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டனர். அவ்வாண்டே டிபாசிட்டை உயர்த்தினர். இன்று பார்லிமெண்டு அபேட்சகர் கட்டவேண்டியது 25,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குப் பாதி. அங்கீகாரம் பெற்ற கட்சியின் துணையில்லாதவருக்குப் பத்து வோட்டர்கள் பிரேரேபிக்க வேண்டும். பத்துப் பேரை ஆம்பூர்த் தோல் தொழிலாளி ஒரு நாழிகையில் சேர்த்துவிடுவார். ரூபாய்க்கு எங்கே போவார்? நூறு வோட்டர்களின் கையொப்பம் கொண்டுவருபவருக்கு அத்தொகையைத் தள்ளிக் கொடுப்பதில் சர்க்காருக்கு என்ன நஷ்டம்?