ஆறுமணிக்குருவி உங்க ஊர் பூங்காவுக்கு வந்திருக்கா? கண்டுபிடிப்பது எப்படி?

உத்திரமேரூர் பக்கம் பறவை பார்க்கணும்னா, எல்லோரும் வேடந்தாங்கலுக்குத்தான் வண்டியை விடுவார்கள். ஆனால், உள்ளூர் பூங்காவிலோ மாந்தோப்பிலோ ஒரு வண்ண விருந்தாளி சத்தமில்லாமல் வந்து இறங்கியிருக்கலாம். அதுதான் ஆறுமணிக்குருவி.

ஏன் இந்தப் பெயர்?

காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் சீழ்க்கை அடிப்பதுபோல் கூப்பிடும். இந்தியில் இதன் பெயர் 'நவ்ரங்', அதாவது ஒன்பது நிறம்.

எப்படி இருக்கும்?

மைனாவைவிடச் சிறியது, சுமார் 19 செ.மீ. பச்சை முதுகு, கண்ணை ஒட்டி கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, அடிவயிற்றில் சிவப்பு. வால் இருக்கான்னே சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை.

எங்கிருந்து வருது?

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கும். செப்டம்பர், அக்டோபரில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, கோடையில் திரும்பிவிடும். உலக அளவில் இது அழியும் நிலையில் உள்ள பறவை அல்ல. கண்ணில் படுவதுதான் அபூர்வம்.

எங்கே தேடுவது?

கிளையில் அல்ல, தரையில் பாருங்கள். மர நிழலில் சருகைப் புரட்டிப் புழு, பூச்சி தின்னும். சருகு சலசலத்தால் அப்படியே நின்றுவிடுங்கள். அந்தச் சருகைத்தான் பல பூங்காக்களில் தினமும் கூட்டி எரிக்கிறார்கள். நமக்கு அது சுத்தம். நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கோ பட்டினி. ஒரு மூலையிலாவது சருகை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

எதைச் செய்யக் கூடாது?

மொபைலில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். எதிரிப் பறவை வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிடும். இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக் கூட்டம் சேர்க்கவும் வேண்டாம்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்?

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். களைத்துக் கிடந்தால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெம்பானதும் மரங்களுக்கு அருகே விடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பார்த்தாச்சு, அடுத்து?

இ-பேர்ட் செயலியில் தேதி, இடத்துடன் பதிவுசெய்யுங்கள். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம். 15 நிமிடம் போதும். சரணாலயப் பறவைகளை எண்ண ஆள் உண்டு. உங்க தெருப் பறவையை நீங்கதான் எண்ணணும்.