வெள்ளமும் வெப்பமும்: மனிதக் கரங்களின் பங்கு எவ்வளவு?



2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாகிஸ்தானின் சிந்து, பலூசிஸ்தான் மாகாணங்களில், அம்மாதத்தில் வழக்கமாகப் பெய்யும் மழையைப் போல் ஏழு, எட்டு மடங்கு மழை கொட்டியது. அவ்வாண்டு வெள்ளத்தில் 1,700க்கும் மேற்பட்டோர் மரணமடைந்தனர். 3 கோடியே 30 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர்.

இத்தகைய பேரிடர் நிகழும்போதெல்லாம் இருவிதமான பேச்சுகள் எழுகின்றன. "எல்லாம் விதி. மனிதன் என்ன செய்ய முடியும்?" என்பார் ஒரு சாரார். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஊர் மக்களின் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்றே தீர்ப்பளித்து விடுவர். "எல்லாம் பருவநிலை மாற்றத்தால் வந்த வினை" என்பார் மற்றொரு சாரார். முதல் பேச்சு, பிள்ளையைப் பறிகொடுத்தவரைப் பாவியாக்குகிறது. இரண்டாவது பேச்சு, அணையைப் பராமரிக்காதவரையும் நீர்வழியை அடைத்தவரையும் தப்பிக்க விடுகிறது. இரண்டுமே ஆராயாமல் சொல்லப்படுபவை. ஒரு பேரிடரில் மனிதர்களின் பங்கு எவ்வளவு என்பதை இன்று ஆராய்ந்து அளக்க முடிகிறது.

கேள்வியைச் சரியாகக் கேட்போம்

"இந்த மழைக்குக் காரணம் புவி வெப்பமா, இல்லையா?" என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது. தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு முன்பும் பெருமழையும் புயலும் கடும் வெயிலும் இருந்தன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: மனிதர்கள் காற்றில் கரியமில வாயுவைப் பெருக்காமல் இருந்திருந்தால் இதே மழை இவ்வளவு கடுமையாகப் பெய்திருக்குமா? எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்திருக்கும்?

ஒரு வீட்டின் வாசல்நிலை ஆறடி உயரம் என்று வைத்துக் கொள்வோம். மிக உயரமான ஒருவர் எப்போதாவது வந்து தலையை இடித்துக் கொள்வார். பிறகு வீட்டுக்காரர் நிலையை மாற்றாமல் தரையை மட்டும் நான்கு விரற்கடை உயர்த்தி விடுகிறார். இப்போது வருவோரில் பலரும் இடித்துக் கொள்கின்றனர். அவர்களில் ஒருவரைக் காட்டி, "இவருடைய உயரம் காரணமா, தரை காரணமா?" என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் முன்பு எத்தனை பேர் இடித்துக் கொண்டனர், இப்போது எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் வீட்டுக்காரரின் பங்கு தெரிந்துவிடும்.

சராசரி வெப்பம் ஒன்றரை டிகிரி கூடியதற்கா இவ்வளவு கவலை என்று கேட்போருக்கும் இதில் விடை இருக்கிறது. தரை சிறிதே உயர்ந்தாலும் இடித்துக் கொள்பவர் எண்ணிக்கை பன்மடங்காகிறது.

அளப்பது எப்படி?

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்கிற்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றை எரித்ததும் காடுகளை அழித்ததும் இதற்கு முதன்மைக் காரணங்கள். இவ்வாயு வெப்பத்தைப் பூமியை விட்டு எளிதில் வெளியேற விடுவதில்லை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவேதான் வெப்பம் கூடிய உலகில் பெய்யும் பெருமழை மேலும் பெருமழையாகிறது.

அறிவியலாளர்கள் முதலில் பழைய மழை, வெப்பப் பதிவேடுகளை ஆராய்கின்றனர். பின்னர் கணினியில் இரண்டு உலகங்களை அமைக்கின்றனர். ஒன்று இன்றைய உலகம். மற்றொன்று மனிதர் சேர்த்த வாயுக்கள் இல்லாத உலகம். இரண்டிலும் பலமுறை கணக்கிட்டு, குறிப்பிட்ட நிகழ்வு எதில் எத்தனை முறை வருகிறது, எவ்வளவு கடுமையாக வருகிறது என்று ஒப்பிடுகின்றனர்.

2003ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவில் 70,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெப்ப அலையே இவ்வாறு ஆராயப்பட்ட முதல் பெரும் நிகழ்வு. அத்தகைய வெப்பம் நிகழும் வாய்ப்பை மனிதச் செயல்கள் குறைந்தது இரு மடங்காக்கியிருப்பது பெரும்பாலும் உறுதி என்று, பீட்டர் ஸ்டாட் முதலான பிரிட்டன் அறிவியலாளர்கள் 2004இல் அறிவித்தனர். இன்று 'வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன்' என்னும் பன்னாட்டு அறிவியலாளர் குழு, பேரிடர் நடந்த சில நாட்களிலோ வாரங்களிலோ ஆய்வு முடிவை வெளியிடுகிறது.

ஆய்வுகள் சொன்னவை

பாகிஸ்தான் வெள்ளத்தை ஆராய்ந்த இக்குழு, சிந்து, பலூசிஸ்தான் பகுதிகளில் ஐந்து நாள் பெருமழையின் கடுமையைப் புவி வெப்பம் 50 சதவீதம் வரை கூட்டியிருக்கலாம் எனச் சில கணினி மாதிரிகள் காட்டுவதாகக் கூறியது. பருவமழை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடுவதால் இக்கணக்கில் ஐயத்திற்கு இடமுண்டு என்பதையும் மறைக்கவில்லை. அதே ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலை நிகழும் வாய்ப்பு சுமார் 30 மடங்கு கூடியிருந்தது.

2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகரில் இரண்டு அணைகள் உடைந்து பல்லாயிரம் பேர் மாண்டனர். அந்த மழைக்கான வாய்ப்பைப் புவி வெப்பம் 50 மடங்கு வரை கூட்டியிருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள். அத்துடன், உள்நாட்டுப் போர், பராமரிப்பற்ற அணைகள், வெள்ளப் பாதையில் எழுந்த கட்டடங்கள் ஆகியவையே பெருமழையைப் பேரழிவாக்கின என்றும் கூறினர்.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் மரணமடைந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதத்தினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். இங்கும் காரணம் ஒன்றல்ல. வெப்பமும் உண்டு, நிழலின்மையும் உண்டு.

இந்த ஆய்வுகள் எப்போதும் ஒரே விடையைத் தருவதில்லை என்பதே இவற்றின் நேர்மைக்குச் சான்று. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்தவர்கள், அதில் புவி வெப்பத்தின் பங்கைக் காண இயலவில்லை என்றே எழுதினர். 2021இல் மடகாஸ்கரின் தென்பகுதியில் பசியைப் பெருக்கிய வறட்சிக்கும் புவி வெப்பம் முதன்மைக் காரணமல்ல, இயல்பான மழைக்குறைவும் வறுமையுமே காரணம் என்று கண்டனர்.

பொறுப்பு யாருடையது?

"அனைத்தும் இறைவனின் நாட்டப்படியே நடக்கின்றன. அப்படியிருக்க மனிதனைக் குற்றம் சொல்வது முறையா?" என்று சிலர் கேட்கலாம். கொலை செய்யப்பட்டவரும் தமக்குரிய தவணையில்தான் மரணிக்கிறார் என்று நாம் நம்புகிறோம். அதனால் கொலையாளி நிரபராதி ஆகிவிடுவதில்லை. விதியை நம்புவது விசாரணையைக் கைவிடுவதற்கான சாக்கு அன்று.

உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் பாகிஸ்தானின் பங்கு ஒரு சதவீதத்திற்கும் குறைவு. வெள்ளத்தால் ஏற்பட்ட சேதமும் இழப்புமோ சுமார் 3,000 கோடி டாலர். தரையை உயர்த்தியவர் ஒருவர், தலையில் அடிபட்டவர் வேறொருவர் என்ற நிலை இது. 2022 நவம்பரில் எகிப்தின் ஷர்முஷ் ஷெய்க் நகரில் கூடிய ஐ.நா. மாநாடு, பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கென இழப்பீட்டு நிதியம் ஒன்றை அமைக்க முடிவு செய்தது. ஆயினும் பணக்கார நாடுகள் இதைச் சட்டப்படியான பொறுப்பாக ஏற்கவில்லை, உதவியாகவே கருதுகின்றன. உதவியைக் கேட்பவர் கையேந்தி நிற்கிறார். உரிமையைக் கேட்பவர் கணக்கோடு நிற்கிறார். அந்தக் கணக்கைத் தருவதே இந்த ஆய்வுகளின் பெரும் பயன்.

ஆகவே, அடுத்த பேரிடர்ச் செய்தி வரும்போது தீர்ப்பு வழங்க அவசரப்படாமல் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்த மழையையோ வெயிலையோ புவி வெப்பம் எந்த அளவு கூட்டியது? நீர்வழியை அடைத்தவர், எச்சரிக்கை செய்யத் தவறியவர் யார்? அடிபட்டவருக்கு நாம் தர வேண்டியது என்ன? முதல் கேள்வியை அறிவியலாளர்கள் அளந்து சொல்வார்கள். மற்ற இரண்டிற்கும் பதில் தேட வேண்டியவர்கள் நம் ஊர்களில் ஏரியையும் ஓடையையும் ஒட்டி வாழும் நாம்தாம்.