விலை குறைந்த வெட்டுக்கத்தி: தேர்வும் திருத்தமும்

மச்செட்டே எனப்படும் நீண்ட வெட்டுக்கத்தி, கரும்பும் காப்பியும் கொக்கோவும் விளையும் மத்திய, தென் அமெரிக்க நாடுகளில் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர்களின் கையில் வளர்ந்து உருப்பெற்ற கருவியாகும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1826-இல் கோடரி செய்யத் தொடங்கிய காலின்ஸ் நிறுவனம், பிற்காலத்தில் இலத்தீன் அமெரிக்க வயல்களுக்கு வெட்டுக்கத்திகளைப் பெருமளவில் அனுப்பி, 1966-இல் மூடப்பட்டது. பிரேசிலின் தென்கோடி மாநிலத்தில் கார்லோஸ் பார்போசா என்னும் ஊரில் 1911-இல் சிறு கொல்லுப்பட்டறையாகத் தோன்றிய டிரமோன்டினாவும், எல் சால்வடோர் நாட்டின் சாந்தா அனா நகரில் இயங்கும் இமாகாசாவும் அத்தொழிலில் இன்று பெயர்பெற்ற நிறுவனங்கள். இவற்றின் கத்திகள் மலிவாக விற்கப்படுவதற்கு முதற்காரணம் வாங்குபவர் யார் என்பதே. கூலியில் மிச்சம் பிடித்துக் கத்தி வாங்கும் உழவருக்கு விலை தாங்கவும் வேண்டும், ஒரு முழுப்பருவ உழைப்புக்குக் கத்தி தாங்கவும் வேண்டும். இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் இடையில் தேறிவந்த கருவி என்பதால், வெளிப்புறப் பயணங்களுக்காகவும் தோட்ட வேலைக்காகவும் இதை நாடுபவர்கள் விலை குறைவைத் தரக்குறைவாக எண்ணுவது தவறாகும்.

இக்கத்திகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படுகின்றன. எஃகு 1070 அல்லது 1075 என்னும் எண்ணால் குறிக்கப்படும் வகையைச் சேர்ந்தது. முதல் இரு இலக்கங்கள் வேறு உலோகக் கலப்பில்லாத எளிய கார்பன் எஃகு என்பதையும், கடைசி இரு இலக்கங்கள் கார்பனின் அளவு ஏறத்தாழ 0.70 அல்லது 0.75 விழுக்காடு என்பதையும் காட்டுகின்றன. எஃகின் கடினத்தை அளக்கப் பயன்படும் ராக்வெல் சி அளவுகோலில் நல்ல சமையலறைக் கத்தி 55-க்கும் 60-க்கும் இடையில் நிற்க, வெட்டுக்கத்தியோ வேண்டுமென்றே 50-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிறுத்தப்படுகிறது. இது குறையன்று. மிகக் கடினமான வாய் கல்லில் பட்டால் சில்லு சில்லாகத் தெறித்துப் போகும். சற்றே மென்மையான வாய் மடங்கும், மடங்கியதை வயலோரத்தில் உட்கார்ந்தே அரத்தால் தேய்த்துச் சீராக்கிவிடலாம்.

கனம் குறைவாக இருப்பதற்கும் இதேபோல் காரணம் உண்டு. தமிழகக் கொல்லர்கள் லாரியின் வில்பட்டையை அடித்துச் செய்யும் அரிவாள் தடித்தது, எடை மிகுந்தது. காய்ந்த விறகிலும் முற்றிய கிளையிலும் அதன் எடையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மச்செட்டேயின் வேலை வேறு. பச்சைத் தண்டுகளும் கொடிகளும் புல்லும் பின்வாங்கி வளைந்துகொடுக்கும் இயல்புடையவை ஆதலால் அவற்றை அறுப்பது எடையன்று, வேகம். மெல்லிய நீளத் தகடு குறைந்த உழைப்பில் விரைந்து சுழன்று, தண்டு வளைவதற்குள் அதைத் துண்டித்துவிடுகிறது. ஆகவே நாள் முழுதும் புதர் நீக்கவேண்டிய இடத்தில் தடித்த கத்தி தோளைத்தான் வருத்தும்.

தயாரிப்பாளர் மிச்சம் பிடிப்பது எஃகிலன்று, கடைசிக்கட்ட வேலையில். வாய் முழுமையாகத் தீட்டப்படாமலோ, கரடுமுரடாகச் சாணை பிடித்தபடியோ வருகிறது, பிடியின் விளிம்புகள் இழைக்கப்படாமல் கூர்கூராக நிற்கின்றன, உறை தரப்படுவதில்லை. கடையில் நின்று பார்ப்பவர் இவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வீட்டில் திருத்த முடியாதவற்றையே அங்கு சோதிக்க வேண்டும். கத்தியைக் கண்மட்டத்தில் நீட்டி, பிடியிலிருந்து நுனி வரை வாய் நேராக ஓடுகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். முறுக்கேறிய தகட்டை நிமிர்த்துவது எளிதன்று. பிறகு நுனியை ஒரு மரக்கட்டையில் ஊன்றி மெல்லப் பக்கவாட்டில் வளைத்து விட்டால், சரியாகப் பதம் ஏறிய தகடு வில்லைப்போல் பழைய நிலைக்குத் திரும்பும். வளைந்தபடி நின்றுவிடுவது பதம் போதாதது. பதம் என்பது, சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கிய எஃகை மீண்டும் அளவான சூட்டில் வைத்து அதன் நொறுங்கும் தன்மையைப் போக்கும் பக்குவம்; விலையைவிட இந்தப் பக்குவமே ஒரு கத்தியின் தகுதியைத் தீர்மானிக்கிறது. பிடியையும் மறவாமல் ஆராயவேண்டும்: கத்தியின் தகடு பிடிக்குள் நீளும் பகுதியாகிய காம்பு, பிடியின் முழு நீளத்துக்கும் சென்று, குறைந்தது இரண்டு மூன்று ரிவெட்டுகளால் இறுக்கப்பட்டிருப்பதே நம்பத்தக்கது.

இதே விலையில், சில வேளை இதைவிட மிகுந்த விலையில், கருநிறப் பூச்சும் முதுகில் ரம்பப் பற்களும் கொண்டு, காட்டில் உயிர்காக்கும் கருவி என்ற விளம்பரத்தோடு வரும் கத்திகளைத் தவிர்ப்பது நல்லது. ரம்பம் அறுக்கவேண்டுமானால் அதன் பற்கள் மாறிமாறி இருபுறமும் சாய்க்கப்பட்டுத் தகட்டைவிட அகலமான வழியை வெட்டவேண்டும். கத்தியின் முதுகில் வெறுமனே வெட்டிய பற்கள் மரத்தில் சிக்கிக்கொள்கின்றன. அதோடு, விறகு பிளக்கக் கத்தியின் முதுகில் கட்டையால் தட்டும் முறைக்கும் அவை இடமளிப்பதில்லை. இத்தகையவற்றின் காம்பு பல நேரங்களில் ஒல்லியான கம்பியளவே இருந்து, கடுமையான வீச்சில் முறிந்து, வாய்ப்பகுதி பறந்து செல்லும் ஆபத்தும் உண்டு.

நீளத்தைப் பொறுத்தவரை, புல்லும் மெல்லிய புதரும் நிறைந்த திறந்த வெளிக்கு 18 அங்குலமும் அதற்கு மேலும், நெருங்கிய காட்டுக்கும் முகாம் வேலைக்கும் 12 அல்லது 14 அங்குலமும் பொருந்தும்.

திருத்த வேலைகளில் முதன்மையானது வாய் பிடிப்பது. மின்சாணையில் வேலை விரைவாக முடியும் என்றாலும் மெல்லிய விளிம்பு நொடிப்பொழுதில் சூடேறிவிடும். எஃகின் மேல் நீலநிறம் தோன்றுவதே எச்சரிக்கை, அதையும் கடந்து சாம்பல் நிறம் படர்ந்தால் அவ்விடத்தின் பதம் குலைந்துவிட்டது என்று பொருள். எனவே 8 அல்லது 10 அங்குலத் தட்டை அரம் ஒன்றே இவ்வேலைக்குச் சிறந்தது, கத்தியின் மென்மை அரத்துக்கு இணங்கும்படியே வைக்கப்பட்டுள்ளது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கத்தியை வைஸில் இறுக்கி, கைக்குத் தடித்த தோலுறை அணிந்து, அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தி, பின்னிழுக்கையில் தூக்கிவிட வேண்டும். அழுத்தியபடி பின்னிழுத்தால் அரத்தின் பற்களே மழுங்கும். ஒரு பக்கம் முழுதும் தேய்த்தபின் மறுபக்கத்து விளிம்பில் விரலை முதுகிலிருந்து வாய்ப்புறமாக மெல்ல வருடினால் பிசிறு தட்டுப்படும். அது நீளம் முழுதும் எழுந்ததும் மறுபக்கத்துக்குத் திரும்பலாம். மரக்கிளைக்குப் பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை, புல்லுக்கு அதைவிடக் குறைந்த சாய்வு என்பது நடைமுறைக் கணக்கு. இறுதியில் சாணைக்கல்லால் பிசிறை நீக்கி, வாய்க்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள மேட்டை உருட்டிவிட்டால் கத்தி மரத்தில் சிக்காமல் வெளிவரும். பிடியை ஒட்டிய மூன்று நான்கு விரற்கடை நீளத்தை மழுக்கமாகவே விட்டுவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். அந்த இடம் வெட்டுக்குப் பயன்படுவதில்லை, விரல் வழுக்கினால் காயத்தைத் தவிர்க்கவும் உதவுகிறது.

பிடியைத் திருத்துவது கூர் வைப்பதற்கு அடுத்த இடத்தில் இருந்தாலும், கையின் நலனைக் கருதினால் அதற்குச் சமமானது என்றே சொல்லவேண்டும். மரப்பிடியின் மேல் பூசப்பட்ட வார்னிஷ் வியர்வையில் வழுக்கும், கொப்புளமும் உண்டாக்கும். அதை உப்புத்தாளால் முற்றிலும் நீக்கி, விளிம்புகளை உள்ளங்கைக்கு ஏற்ப உருட்டி, முதலில் 80 எண் தாளாலும் பிறகு 120, 220 எண் தாள்களாலும் இழைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பலமுறை ஊறவிடவேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானே தீப்பற்றக்கூடும் என்பதால் விரித்துக் காயவைப்பது கட்டாயம். ரிவெட்டின் தலை மேலெழுந்திருந்தால் அரத்தால் மட்டப்படுத்தலாம். தளர்ந்திருந்தால் அடியில் இரும்புக்கட்டை வைத்துச் சிறு சுத்தியால் தட்டி இறுக்கலாம். மரத்துக்கும் காம்புக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் எப்பாக்சி பசையால் அடைத்து ஈரம் புகாமல் தடுக்கவேண்டும்.

கார்பன் எஃகு துருப்பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் வெட்டி முடித்ததும் தாவரப் பாலையும் சாற்றையும் துடைத்து, ஏதேனும் ஓர் எண்ணெயை மெல்லத் தடவிவைத்தால் பல ஆண்டுகள் கெடாது. உறைக்குப் பழைய தீயணைப்புக் குழாயோ தடித்த கித்தான் துணியோ போதும். வாய்ப்பக்கத் தையலைக் கத்தி அறுத்துவிடாதபடி உள்ளே ஒரு பட்டை வைத்துத் தைக்கவேண்டும்.

பிடியின் துளையில் கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருப்பினும் அது அறிவுடைமையாகத் தோன்றவில்லை. கை நழுவிய கத்தி தூரம் போய் விழுவதற்குப் பதிலாகக் கயிற்றின் நீளத்தில் சுழன்று, வீசியவரின் காலையே தாக்கும். வெட்டின் பாதை உடலுக்கு வெளியே முடிவதும், கையெட்டும் வட்டத்தின் இருமடங்குக்குள் வேறொருவர் இல்லாதிருப்பதும் கயிற்றைவிட நம்பத்தக்க காப்பு.

இந்தியாவில் இதை வைத்திருப்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய ஆயுதங்களை ஆயுத விதிகள் தனிவகையாகக் கருதுகின்றன. வீட்டுப் பயன்பாட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை அதில் சேரா. எனினும் வேளாண் கருவி என்ற விலக்கு காட்டுக்குள் செல்வதற்கான உரிமையாகாது: 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கத்தியையும் ஆயுதங்களின் வரிசையிலேயே வைக்கிறது, சரணாலயத்துக்குள் அதை எடுத்துச் செல்ல எழுத்து வடிவிலான முன் அனுமதி தேவை.