அஞ்சு வாங்கவா, ஆறு வரட்டுமா?

"மாமா, பி.எஸ்.5 வாங்கலாமா, இல்ல பி.எஸ்.6 வர்ற வரைக்கும் பொறுத்திருக்கவா?"

அக்கா மகன் இப்படிக் கேட்டது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். பத்தாம் வகுப்பு படிக்கிறான். அக்காவின் பதில் சமையலறையிலிருந்து உடனே வந்தது: "பப்ளிக் எக்ஸாம் முடியுற வரைக்கும் அஞ்சும் கிடையாது, ஆறும் கிடையாது." அத்தான் தூத்துக்குடி ஹார்பர் பக்கம் கன்டெய்னர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் கவலை வேறு. "அம்பதாயிரத்துக்கு மேல கொட்டிக் கொடுத்து வாங்குறோம். அடுத்த வருஷமே பழசாயிட்டா?"

கேம் பிடிக்கும் பிள்ளை இருக்கிற நிறைய வீடுகளில் இன்று இதே பேச்சுதான் ஓடுகிறது. பி.எஸ்.3 இந்தியாவுக்கு வந்தது 2007 ஏப்ரலில். பி.எஸ்.4 வந்தது 2014 ஜனவரியில். பி.எஸ்.5 வந்தது 2021 பிப்ரவரி 2-ம் தேதி. ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒன்று. அந்தக் கணக்கில் அடுத்தது 2027, 2028 வாக்கில் வரவேண்டும். எனவே, பையனின் கேள்வி நியாயமானதுதான்.

எங்கள் ஊர்க் கடலில் முத்துக் குளித்த காலத்திலும் இப்படி ஒரு காத்திருப்பு உண்டு. பாரிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்து, முத்து தேறுமா என்று பார்த்த பிறகே குளிப்பை அறிவிப்பார்கள். சீக்கிரம் எடுத்தால் முத்து பொடிசாக இருக்கும்; தாமதித்தால் சிப்பியே செத்துப்போகும். எடுத்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் பணம் கட்டவேண்டும். 1961-க்குப் பிறகு எங்கள் கரையில் அந்தக் குளிப்பு நடக்கவில்லை. ஆனால், திறக்காத சிப்பிக்கு விலை பேசும் பழக்கம் போகவில்லை என்றே தோன்றுகிறது.

சரி, அடுத்த பெட்டிகளைப் பற்றி கம்பெனிகள் இதுவரை சொன்னது என்ன? 2025 அக்டோபரில் சோனியின் மார்க் செர்னியும் சிப் தயாரிக்கும் ஏ.எம்.டி.யின் ஜாக் ஹூயினும் ஒரு வீடியோவில் வந்தார்கள். நிழலையும் வெளிச்சத்தையும் நிஜம்போலக் காட்டத் தனிப் பகுதி, படத்தைக் கூர்மையாக்க ஏ.ஐ. பகுதி, மெமரிக்குப் போய்வரும் தகவலைச் சுருக்கும் வசதி என்று மூன்றைக் காட்டினார்கள். இவையெல்லாம் இப்போதைக்கு சிமுலேஷனில் மட்டுமே இருக்கின்றன, பெட்டி வர இன்னும் சில வருடங்களாகும் என்று செர்னியே சொன்னார். மைக்ரோசாஃப்ட்டும் ஏ.எம்.டி.யோடு சேர்ந்து புதிய எக்ஸ்பாக்ஸைத் தயாரிப்பதாக ஜூனிலேயே அறிவித்துவிட்டது. கையில் இருக்கும் பழைய கேம்கள் அதிலும் ஓடும், ஒரே கடையோடு கட்டிப்போட மாட்டோம் என்பது அவர்கள் தரும் வாக்கு. நின்டெண்டோ முந்திக்கொண்டது. ஸ்விட்ச் 2 ஜூன் 5-ம் தேதியே வெளிநாடுகளில் கடைக்கு வந்து, நான்கே நாளில் 35 லட்சம் விற்றது.

வேகம், படம், சத்தம் எல்லாம் கூடும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கவலை, டிஸ்க் போடும் அந்தச் சின்ன வாயைப் பற்றியது.

எங்கள் குடும்பத்தில் கேம் எப்போதும் கைமாறித்தான் வந்திருக்கிறது. தொண்ணூறுகளில் மஞ்சள் காசெட்டை ஊதி ஊதிப் போட்ட டி.வி. கேம், தெருவுக்கே பொது. பிறகு, கப்பலுக்குப் போன சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து பி.எஸ்.2 கொண்டுவந்தான். இங்கே கடையில் விற்ற ஒரிஜினல் டிஸ்க் அதில் ஓடவில்லை. ஆசிய நாடுகளுக்கு ஒரு பூட்டு, நமக்கு வேறு பூட்டு. கடைசியில் 'சிப்' அடித்து, பர்மா பஜார் டிஸ்க் போட்டு ஆடினோம். (பெருமையாகச் சொல்லவில்லை. அன்று நடந்தது அது.) பி.எஸ்.4 காலத்தில் பையனும் இரண்டு கூட்டாளிகளும் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கி மாற்றிக்கொண்டார்கள். பெரிய பி.எஸ்.5 கேம் ஒன்று 4,999 ரூபாய். மூன்று வீட்டில் ஆடி முடித்து, பிறகு விற்கவும் முடிந்தால்தான் நடுத்தர வீட்டுக்கு அது கட்டுப்படியாகும்.

அந்த வழி இப்போது ஒவ்வொன்றாக அடைபடுகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ல் டிஸ்க் போட இடமே இல்லை. 2024 நவம்பரில் வந்த பி.எஸ்.5 ப்ரோவுக்கு டிஸ்க் டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டவேண்டும். (அந்த ப்ரோ வெளியானபோது, அதன் வைஃபை அலைவரிசைக்கு அனுமதி இல்லாததால் இந்தியாவுக்கு வரவில்லை.) ஸ்விட்ச் 2-ல் சில கேம்களின் கார்டுக்குள் கேமே கிடையாது, டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டும் இருக்கும். சாவியாவது பரவாயில்லை, அடுத்தவர் கையில் கொடுக்கலாம். முழுக்க டவுன்லோடாக வாங்கினால் அதுவும் முடியாது. 100 ஜி.பி.யைத் தாண்டும் கேம்கள் இப்போது சாதாரணம். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல், ஒரு நாளைக்கு 2 ஜி.பி. மொபைல் டேட்டாவை வைத்துக்கொண்டு அதை இறக்க எத்தனை நாளாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"டிஸ்க்கே வேண்டாம், சந்தா கட்டு" என்கிறது மைக்ரோசாஃப்ட். அதன் கேம் பாஸ் அல்டிமேட், 2025 அக்டோபரில் மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாயாக ஏறியது. அந்தக் கணக்கில் வருடத்துக்கு 16,668 ரூபாய். கட்டுவதை நிறுத்தினால் கேமும் நின்றுபோகும்.

"பொறுத்திருந்தா விலை இறங்கும்ல?" என்றார் அத்தான். முன்பெல்லாம் அப்படித்தான். அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்த பி.எஸ்.2, 2009-ல் 99 டாலருக்கு இறங்கியது. இப்போது எதிர்த்திசையில் போகிறது. இங்கே 49,990 ரூபாய்க்கு வந்த டிஸ்க் பி.எஸ்.5, 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் அதன் விலையும் எகிறிக் கிடக்கிறது. அடுத்த பெட்டி மலிவாக வரும் என்று நான் நம்பவில்லை.

அதனால் நான் சொன்னது இதுதான்: ஆறுக்காகக் காத்திருக்க வேண்டாம். புதுப் பெட்டி வந்தாலும் பழையது உடனே செத்துவிடாது. பி.எஸ்.5 வெளியாகி இரண்டு வருடம் கழித்து வந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்' கேமே பி.எஸ்.4-லும் ஓடியது. ஊரே எதிர்பார்க்கும் ஜி.டி.ஏ. 6-ம் 2026 நவம்பர் 19-ல் பி.எஸ்.5-க்கும் இப்போதைய எக்ஸ்பாக்ஸுக்கும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இதைச் சொன்னதும் பையன் முகம் மலர்ந்தது. அந்த வரிசை கேம்கள் பெரியவர்களுக்கானவை என்பதை அக்காவிடம் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. முகம் வாடியது.

இதற்கிடையே கப்பலிலிருந்து தம்பி போன் போட்டான். கப்பல் யோகோஹாமாவில் நிற்கிறதாம். "அண்ணே, ஸ்விட்ச் 2 இங்க 49,980 யென்தான். மருமகனுக்கு ஒண்ணு எடுத்துரவா?" நல்லவேளை, கேட்டுவிட்டு வாங்க நினைத்தான். அந்த விலைக்குக் கிடைப்பது ஜப்பானியர்களுக்கான பெட்டி. அதன் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். ஜப்பான் என்று பதிவுசெய்த அக்கவுன்ட்தான் அதில் சேரும். எல்லா மொழியும் உள்ளது 69,980 யென். நின்டெண்டோ அதை இந்தியாவில் விற்காததால், பழுதானால் இங்கே வாரன்டியும் கிடையாது. "பூட்டு இன்னும் போகலையாக்கும்" என்று சிரித்தான். பி.எஸ்.2 அவனுக்கும் மறக்கவில்லை.

பரீட்சை முடியும் நாளைப் பையன் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டான். அத்தான் அலமாரியைத் திறந்து பழைய பி.எஸ்.4 டிஸ்க்குகளை எண்ணினார். பதினொன்று இருந்தன. "இதெல்லாம் அஞ்சுல ஓடும்ல?" என்று கேட்டார். ஓடும் என்றேன், டிஸ்க் டிரைவ் உள்ள மாடலாக வாங்கினால்.

"அப்ப அதையே பாருங்க" என்று அலமாரியை மூடினார்.