ஈறு மறைப்பதை உமிழ்நீர் உரைக்கும்

நீரிழிவு நோய் உள்ளவர்கள் கண்ணுக்காகவும் சிறுநீரகத்துக்காகவும் பாதத்துக்காகவும் அஞ்சுவதை நாம் அறிவோம். ஈறுகளுக்காக அஞ்சுவோர் மிகச் சிலரே. ஆனால் 1993-ஆம் ஆண்டிலேயே பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோ, ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு எனக் குறிப்பிட்டார்.

பற்களின் அடியில் படியும் கிருமிப் படலத்தை எதிர்த்துப் போராட நமது உடல் வெள்ளணுக்களை அனுப்புகிறது. இப்போராட்டம் எல்லை மீறும்போது, பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கும் நார்களும் சிதைகின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஈற்றின் அழற்சி மிகும். அழற்சி மிகுந்தால் இன்சுலினின் ஆற்றல் குன்றிச் சர்க்கரை மேலும் உயரும். இவ்வாறு இவ்விரு நோய்களும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இதில் வருந்தத்தக்கது யாதெனில், ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் ஆடத் தொடங்கிய பின்னரே நம்மில் பலர் மருத்துவரை நாடுகிறோம். அதற்குள் கரைந்துபோன எலும்பு தானாக வளர்வதில்லை.

வலி அறிவிக்காததை உமிழ்நீர் அறிவிக்கக்கூடும். வெள்ளணுக்கள் வெளியிடும் எம்.எம்.பி-8 என்னும் நொதியே அந்த நார்களைச் சிதைக்கிறது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் டிமோ சோர்சாவும் அவருடைய குழுவினரும் இந்நொதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அதன் பயனாக ஓர் எளிய சோதனை உருவாயிற்று. வாய் கொப்பளித்த நீரைச் சிறிய சோதனைப் பட்டையில் இட்டால், சில நிமிடங்களில் விடை கிடைக்கிறது. செயல்நிலையில் உள்ள நொதி ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருப்பின் அது எச்சரிக்கையாகும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

எனினும் இச்சோதனையே முடிவான தீர்ப்பன்று. சில வேளைகளில் அது பிழையாகவும் காட்டலாம். ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்தும், எக்ஸ்ரே படம் எடுத்தும் நோயை உறுதி செய்பவர் பல் மருத்துவரே. காலந்தாழ்த்தாமல் அவரிடம் செல்ல வேண்டியவர் யார் என்பதைக் காட்டுவதே உமிழ்நீர்ச் சோதனையின் பயன்.

உரிய காலத்தில் செய்யும் சிகிச்சை வாயோடு நின்றுவிடுவதில்லை. 35 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளின் ஏ1சி அளவு மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 விழுக்காட்டுப் புள்ளி குறைந்ததைக் காட்டியது.

இச்சோதனை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஆயினும் நம் வீட்டிலேயே காணக்கூடிய அறிகுறிகள் உண்டு. பல் துலக்கும்போது இரத்தம் கசிதல், ஈறு சிவந்து வீங்குதல், நீங்காத வாய் நாற்றம், பல் நீண்டதுபோலத் தோன்றுதல் ஆகியவை அவை. இரத்தம் கண்டு துலக்குவதை நிறுத்திவிடுதல் தவறு. மென்மையான தூரிகையால் நாள்தோறும் இருமுறை துலக்குவதே நன்று. புகை பிடிப்போருக்கு இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். அதை நலம் என்று எண்ணி ஏமாறலாகாது.

நம் இல்லத்தில் நீரிழிவு உள்ள பெற்றோரோ முதியோரோ இருப்பின், அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது பல் மருத்துவரிடமும் காட்டி வருவோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்தால், அவர்களுடைய பற்கள் மட்டுமன்றி உடல்நலமும் காக்கப்படும்.